அப்பாவின் கப்பல்காரர்கள் வந்த மதியம்

அன்று மதியம் அப்பா என் மகளை யாரிடம் ஒப்படைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்தார்?

எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை. அப்பாவிடம் கேட்டுவிட்டேன். கொல்லத்திலிருந்து வந்த அப்பாவின் கப்பல் நண்பரிடம் கேட்டுவிட்டேன். சமையலறை ஜன்னல் வழியாக நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் என்பதால் என்னையே நான் கேட்டுக்கொள்ளாத நாளில்லை. மூன்று பேரிடமும் மூன்று பதில் இருக்கிறது. மூன்றுமே உண்மையாக இருக்கலாம்.

அப்பா கடற்படையில் இருந்தவர். பிறந்தது மார்டள்ளியில். அங்கிருந்து எந்தப் பக்கம் நடந்தாலும் காடும் மலையும்தான் வரும், கடல் வராது. "கடலையே பாக்காதவனைக் கப்பல்ல சேத்துக்கிட்டாங்க பாரு" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். சேர்ந்த பிறகும் அவர் கடலை அதிகம் பார்க்கவில்லை. வேலை என்ஜின் அறையில், தண்ணீர் மட்டத்துக்கும் கீழே. அங்கிருந்து விலகி வந்து மைசூரில் ஒரு தொழிற்சாலையின் பாய்லர் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். அம்மா போன பிறகு எங்களோடு இருக்கிறார்.

எனக்கு ஒரே மகள். நான்கு வயது. அவள் பிறந்ததிலிருந்து நான் வீட்டிலிருந்தே அலுவலக வேலை செய்கிறேன். மாடி அறையில் நான், கீழே அப்பாவும் பாப்பாவும். என் கணவருக்கு நஞ்சன்கூடு பக்கம் ஷிஃப்ட் வேலை. அப்பா இல்லையென்றால் இந்த வீடு ஓடாது. இதை நான் எங்கும் சொல்வேன்.

அப்பாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. கப்பலில் வாட்ச் என்றால் காவல் முறை. ஒருவர் முறை முடிந்து அடுத்தவர் முறைக்கு வரும்போது, வெறுமனே எழுந்து போய்விட முடியாது. எது ஓடுகிறது, எது ஒழுகுகிறது, எதன் மேல் ஒரு கண் வேண்டும் என்று வாயால் சொல்ல வேண்டும். வருகிறவர் அதைக் கேட்டுக்கொண்டு, தானும் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, "வாட்ச் எடுத்துக்கிட்டேன்" என்று சொல்ல வேண்டும். அந்த வார்த்தை வரும்வரை முதல் ஆள் நகரக் கூடாது. காய்ச்சலில் நின்றாலும் நிற்க வேண்டியதுதான். வார்த்தை வந்துவிட்டால் அதற்குப் பிறகு நடக்கும் எதற்கும் அவர் பொறுப்பில்லை.

எங்கள் வீட்டில் தினமும் காலையில் இது நடந்தது. ஹால் வாசலில் நான் பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

"ஜுரம் இல்லப்பா. ராத்திரி இருமினா. பால் பாதிதான் குடிச்சா. புதுச் செருப்பு கடிக்குதாம்."

அப்பா புறங்கையை அவள் நெற்றியில் வைத்துப் பார்ப்பார். ஓடுகிற இயந்திரத்தின் சூட்டைப் பார்ப்பதும் அப்படித்தானாம். "நீ சொல்றதை நம்பாம இல்ல அம்மிணி. ஆனா தொட்டுப் பாத்துட்டுத்தான் எடுக்கோணும்." பிறகு நிமிர்ந்து நின்று, "வாட்ச் எடுத்துக்கிட்டேன்" என்பார். பாப்பா சல்யூட் அடிப்பாள். நான் மாடி ஏறுவேன். ஒரு தாய்க்கு இதைவிடப் பெரிய நிம்மதி என்ன வேண்டும்? அந்த நிம்மதியில் நான்கு வருடம் வேலை பார்த்தேன்.

போன மழைக்காலத்திலிருந்து சில விஷயங்களைக் கவனிக்கத் தொடங்கினேன். கொத்தமல்லி வாங்கப் போனவர் வேறு தெரு வழியாக வெகுநேரம் கழித்து வந்தார். ரோடு தோண்டியிருக்கிறார்கள் என்றார். சாயங்காலம் அந்த வழியாகத்தான் நான் போனேன், ரோடு நன்றாக இருந்தது. ஒருநாள் பருப்பு வேகிற வாசம் போய் கருகல் வாசம் வந்தது. குக்கருக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். இன்னொரு நாள் அவர் சட்டைப் பொத்தான் விட்டுப்போயிற்று என்று நான் சொன்னபோது, "அம்மா வரட்டும், தைச்சுக் கொடுப்பா" என்றார். உடனே, "உங்க அம்மா இருந்தா தைச்சிருப்பான்னு சொல்ல வந்தேன்" என்று திருத்திக்கொண்டார்.

எழுபதைத் தாண்டியவர். யாருக்கும் இதெல்லாம் வரும். நானே ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு ஃபோனைத் தேடியிருக்கிறேன். அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். கணவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவர் அடுத்த நாளே டேகேரில் அட்மிஷன் கேட்கப் போய்விடுவார். அப்பாவின் முகத்தை யார் பார்ப்பது?

இந்த நேரத்தில்தான் அலுவலகத்திலிருந்து மெயில் வந்தது. ஜூன் முதல் எல்லோரும் தினமும் நேரில் வர வேண்டும். இதுவரை நான் மாடியில் இருந்தேன். ஒரு சத்தம் கேட்டால் இறங்கி வந்துவிடலாம். இனி ஊரின் மறுகோடியில் இருப்பேன். பாப்பா பள்ளி விட்டு வந்ததிலிருந்து இருட்டும்வரை அப்பாவிடம் மட்டும் இருப்பாள். விடலாமா, கூடாதா? எனக்கு முன்னால் இருந்தது இந்த ஒன்றுதான்.

இதற்கிடையில் அப்பாவுக்கு அவருடைய கப்பல் திரும்பக் கிடைத்தது.

கப்பலை எப்போதோ உடைத்துவிட்டார்கள். கிடைத்தது வாட்ஸ்அப் குழு. தூத்துக்குடியில் இருக்கும் ஒரு மாமா, அந்தக் கப்பலில் சிக்னல் பிரிவில் இருந்தவர், ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்துச் சேர்த்திருந்தார். முதல் நாள் அவர் போட்டது அந்தக் கப்பலின் படம். சாம்பல் நிறம், ஒரு பக்கம் துரு இறங்கியிருந்தது. அப்பா அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். தண்ணீரைத் தொடும் இடத்தில் விரலை வைத்து, "இதுக்கும் கீழ கண்ணு. இங்கதான் நாங்க" என்று பாப்பாவிடம் காட்டினார். பாப்பாவுக்கு ஸ்கூல் கன்னடம்தான் முதலில் வரும். "தாத்தா ஹடகு" என்று அந்தப் படத்துக்குப் பெயர் வைத்தாள். ஹடகு என்றால் கன்னடத்தில் கப்பல். கப்பல் என்ற தமிழ் வார்த்தை அவள் வாயில் நிற்கவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் ஓயாமல் குரல்கள். காலையில் குட்மார்னிங், மதியம் வீடியோ கால். ஹிந்தியும் தமிழும் மலையாளமும் கலந்து அப்பா பேசுவதை நான் அதுவரை கேட்டதே இல்லை. ஏப்ரலில் ஐந்து பேர் ஒரு டெம்போ டிராவலரை வாடகைக்கு எடுத்துக்கொண்டு மைசூர் வருகிறார்கள் என்று முடிவானது. மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அந்த நாளை நான் ஒரு பரீட்சையாக நினைத்தேன். அப்பா தன் கப்பல்காரர்களை அடையாளம் கண்டு, பெயர் சொல்லி, பழைய கதைகளைத் தடுமாறாமல் பேசிவிட்டால் என் பயம் வீண் பயம். ஜூனில் நிம்மதியாக வேலைக்குப் போகலாம். தடுமாறினால் டேகேர். அப்பாவுக்குத் தெரியாமல் நான் வைத்த பரீட்சை அது.

வண்டி வந்து எங்கள் காம்பவுண்டுக்கு வெளியே, எதிர்வீட்டுப் புங்க மரத்தடியில் நின்றது. அப்பா சலவைச் சட்டையோடு கேட்டில் நின்றார். நான் அவர் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் இறங்கியவர் தூத்துக்குடி மாமா. இறங்கும்போதே கத்தினார். "என்னவே மலைக்காட்டுக்காரா! உயிரோடதான் இருக்கியா?"

"உன்னைப் பாக்காம போறதா? வாடா!" அப்பா அவர் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தார்.

அடுத்தவருக்கும் "வாடா!" அதற்கடுத்தவருக்கும் "அடேய், வாடா!" ஒவ்வொருவருக்கும் முதுகில் ஓர் அடி, ஒரு கட்டிப்பிடி.  ஒருவரையும் அவர் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. இத்தனை வருடம் கழித்துப் பார்க்கும் நண்பர்களை வேறெப்படிக் கூப்பிடுவார்கள்? டேய் என்றுதானே? இல்லை, பெயர் வராததால்தான் டேய் என்கிறாரா? கேட்டைத் திறப்பதற்குள்ளேயே என் பரீட்சை குழம்பிவிட்டது.

கடைசியாக இறங்கியவர் கொல்லம் மாமா. உயரமானவர், முழங்காலில் வலி. அப்பாவோடு என்ஜின் அறையில் இருந்தவர். அவரைப் பார்த்ததும் அப்பா அடிக்கவில்லை. அவருடைய கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். அங்கே ஒரு பழைய தீத்தழும்பு பளபளவென்று இருந்தது.

"ஆறிடுச்சா?" என்றார் அப்பா.

"நாப்பது வருஷமாச்சு. இன்னும் ஆறாம இருக்குமா?" கொல்லம் மாமா சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, இது நகைச்சுவையா அல்லது நிஜமான கேள்வியா என்று யோசித்தேன்.

ஹாலில் பாய் விரித்து உட்கார்ந்து பேசினார்கள். குடிக்கத் தண்ணீர் அளந்து கொடுத்த நாட்கள், மழை வந்தால் சோப்போடு மேல்தளத்துக்கு ஓடியது, சோப்பு போட்டு முடித்ததும் மழை நின்றுவிட்டது. கப்பல் ஆடும்போது சமையல்காரர் சாம்பார் அண்டாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அண்டாவோடு சேர்ந்து இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் போய்வந்த கதையைத் தூத்துக்குடி மாமா எழுந்து நின்று நடித்தே காட்டினார். பாப்பா விழுந்து விழுந்து சிரித்து, "இன்னொரு சல! இன்னொரு சல!" என்று கேட்டாள். அவர் இன்னொரு தடவை நடித்தார்.

"மேல நின்னு காத்து வாங்கினவனுக்கு எல்லாம் கதைதான். கீழ வந்து பாத்திருக்கியாடா?" என்றார் அப்பா.

"நான் எதுக்குவே கீழ வரணும்? உங்க மூஞ்சியைப் பாக்கவா? கரிச்சட்டி மாதிரி ஏறி வருவானுக."

பிறகு அப்பா கீழே நடந்ததைச் சொன்னார். நீராவிக் குழாய் ஒன்று பிளந்தது. நீராவி கண்ணுக்குத் தெரியாது, சத்தம் மட்டும்தான். ஒரு துடைப்பத்தை நீட்டிக்கொண்டே நடப்பார்களாம். துடைப்பம் வெட்டுப்பட்ட இடத்தில்தான் பிளவு. எந்த வால்வை முதலில் மூடினார்கள், யார் எந்தப் பக்கம் நின்றார்கள், கொல்லம் மாமாவின் கை எப்படி வெந்தது, ஒன்றுகூட விடாமல் சொன்னார். நான் கதவோரம் நின்று கேட்டேன். மனது லேசானது. இப்படிச் சொல்கிறவருக்கு என்ன குறை? நான்தான் எதையாவது தேடிக் கண்டுபிடிக்கிறேன்.

அவர்கள் இல்லாத ஒருவரைப் பற்றியும் பேசினார்கள். அப்பாவின் "ஜோடி". ஒரே இயந்திரத்தை முறை மாற்றிப் பார்க்கும் இருவரை அப்படிச் சொல்வார்களாம். ஒருவர் விழித்திருக்கும்போது மற்றவர் தூங்குவார், ஒரே படுக்கையில். அவர் மாற்றலாகிப் போன பிறகுதான் கொல்லம் மாமா அந்த இடத்துக்கு வந்தார். அந்தப் பழைய ஜோடி சில வருடங்களுக்கு முன்னால் இறந்துபோனார். அப்பா ஓசூர் வழியாகப் பஸ் மாறிப் போய் அடக்கத்தில் நின்றுவிட்டு வந்தது எனக்கு நினைவிருக்கிறது. அவர் பெயர் வந்தபோது எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். அப்பாவும்.

பிரியாணி, கோழிக் குழம்பு, பாயசம். சாப்பிட்டு முடித்ததும் நான் பாத்திரங்களோடு சமையலறைக்குள் போனேன். போகும்போது அப்பாவிடம், "பாப்பா உங்ககிட்டப்பா" என்றேன். அவர் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "எடுத்துக்கிட்டேன்" என்றார். எல்லோர் முன்னாலும் அப்படிச் சொன்னதில் கப்பல்காரர்கள் கைதட்டினார்கள்.

சமையலறை ஜன்னல் வழியாக முன்வராண்டா தெரியும். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தபோது அப்பாவும் கொல்லம் மாமாவும் அங்கே நின்றிருந்தார்கள். பாப்பா படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள். அப்பா விறைப்பாக நின்று ஏதோ சொன்னார். குழாய்த் தண்ணீர்ச் சத்தத்தில் பாதிதான் கேட்டது. "சாப்பிட்டாச்சு... ஜுரம் இல்ல... கேட்டோட தாழ்ப்பாள் லூசு, அது மேல ஒரு கண்ணு." கொல்லம் மாமா குதிகால்களைச் சேர்த்து நின்று, சிரித்துக்கொண்டே, "வாட்ச் எடுத்துக்கிட்டேன்" என்றார்.

நானும் சிரித்தேன். கிழவர்கள் விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன். தண்ணீரை நிறுத்தவில்லை.

பிறகு நடந்தவற்றை ஒவ்வொருவர் சொன்னதையும் சேர்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன். அப்பா உள்ளே போய்ப் படுத்துவிட்டார். ஹாலில் தூத்துக்குடி மாமா டிவியில் ஃபோனை இணைத்துப் பழைய படங்களைப் போட்டார். "சீக்கிரம் வாவே, உன் மீசை வந்திருக்கு பாரு" என்று அவர் கூப்பிட, கொல்லம் மாமா எழுந்து உள்ளே வந்தார். பிள்ளை தாத்தாவோடு இருக்கிறாள் என்று அவர் நினைத்தார். தாத்தா படுக்கையில் இருந்தார்.

நான் பாயசக் கிண்ணத்தோடு வராண்டாவுக்கு வந்தேன். படியில் யாரும் இல்லை. கேட் திறந்திருந்தது.

முதலில் பயம் வரவில்லை. ஹாலில் எட்டிப் பார்த்தேன். "பாப்பா எங்க?" ஐந்து பேரும் டிவியிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தார்கள். அப்பாவின் அறைக்குப் போனேன். தூங்கிக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் அவள் இல்லை. அப்போதுதான் பயம் வந்தது.

எங்கள் தெருக்கோடியில் பெரிய சாக்கடைக் கால்வாய் ஓடுகிறது, மூடியில்லாதது. அதைத் தாண்டினால் பஸ் போகும் ரோடு. செருப்பில்லாமல் கால்வாய் வரை ஓடினேன். எட்டிப் பார்த்தேன். கறுப்புத் தண்ணீரும் பிளாஸ்டிக்கும்தான். அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். இஸ்திரி வண்டிக்காரர், "ஏனாயிது அக்கா?" என்று என்ன ஆச்சு எனக் கேட்டார். பார்க்கவில்லை என்றார். திரும்பி ஓடி வந்தேன்.

அதற்குள் கேட்டில் அப்பா நின்றிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். குரல் எனக்குப் பழக்கமில்லாத குரலாக இருந்தது. கத்தவில்லை. ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தார், ஒவ்வொருவரும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"மாடி?"

"பாத்தாச்சு. இல்ல."

"தண்ணிச் சம்ப்?"

"மூடி போட்டிருக்கு. தொறந்தும் பாத்தாச்சு."

"பக்கத்து வீடு? பின்பக்கம்? குளியலறை?"

"இல்ல. இல்ல. இல்ல."

"எது இன்னும் பதில் சொல்லலை?" என்றார் அப்பா.

 கப்பலில் ஆபத்துச் சங்கு ஊதினால் ஒவ்வொரு அறையிலிருந்தும் பதில் வர வேண்டுமாம். பதில் வராத அறையில்தான் ஆபத்து இருக்கும். இதைப் பிறகு தூத்துக்குடி மாமா சொன்னார். அப்போது எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பா மட்டும் தலையைத் திருப்பி எதிரே மரத்தடியில் நின்ற வண்டியைப் பார்த்தார். நிழல் எப்போதோ நகர்ந்துபோய் முழு வெயிலில் நின்றது. கண்ணாடிகள் ஏற்றியிருந்தன.

கதவு பூட்டியிருந்தது. டிரைவர் சாப்பிடப் போயிருந்தார். போகும் முன் திறந்து கிடந்த கதவை இழுத்துச் சாத்திப் பூட்டியிருக்கிறார். பின்சீட்டுக்கு அடியில் ஒரு பிள்ளை இருக்குமென்று அவருக்கு எப்படித் தெரியும்? தூத்துக்குடி மாமா அவரைத் தேடி ஓடினார். அப்பா காத்திருக்கவில்லை. கேட்டுக்கு முட்டுக்கொடுக்கும் கல்லை எடுத்து முன்பக்க ஜன்னல் கண்ணாடியை உடைத்தார். கையை உள்ளே விட்டுக் கதவைத் திறந்தார். ரத்தம் முழங்கை வரை வழிந்தது.

பாப்பா பின்னால் தரையில், கப்பல்காரர்களின் பைகளுக்கு நடுவே சுருண்டு கிடந்தாள். முகம் சிவந்து, தலைமுடி நனைந்து ஒட்டியிருந்தது. கண் திறந்தாள். "தாத்தா ஹடகு" என்று ஏதோ முனகினாள். காலையிலிருந்து எல்லோரும் கப்பல், கப்பல் என்று பேசினார்கள். கப்பல்காரர்கள் இதிலிருந்துதானே இறங்கினார்கள்?

அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். நான் கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

"மேலெல்லாம் சூடா இருக்குது. மூச்சு சரியா இருக்குது. உடனே ஈரத்துணி, தண்ணி கொஞ்சங் கொஞ்சமா," என்றார். என் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். பிள்ளை எங்கள் இருவர் கைகளுக்கும் நடுவில் இருந்தாள். நான் அழுதுகொண்டே இழுத்தேன். அவர் விடவில்லை. அவர் எதற்காகக் காத்திருக்கிறார் என்று புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

"எடுத்துக்கிட்டேன்பா," என்றேன்.

விட்டார்.

ஆஸ்பத்திரியில் பாப்பாவைப் பார்த்துவிட்டு, ஒன்றும் ஆகவில்லை, இன்னும் கொஞ்சம் நேரமாகியிருந்தால் சொல்ல முடியாது என்றார்கள். அப்பாவின் கையில் தையல் போட்டார்கள். கப்பல்காரர்கள் மேல்கோட்டைக் கோயிலுக்குப் போகும் திட்டத்தைக் கைவிட்டு எங்களுக்காகக் காத்திருந்து, சாயங்காலம் கிளம்பினார்கள். உடைந்த ஜன்னலில் பிளாஸ்டிக் ஷீட் ஒட்டிக்கொண்டிருந்தபோது கொல்லம் மாமா என்னைத் தனியே கூப்பிட்டார்.

"மோளே, குற்றம் என்னோடது. அவன் சொன்னான், நான் எடுத்துக்கிட்டேன்னு சொன்னேன். சொல்லிட்டு எழுந்து போனவன் நான்."

"விளையாட்டுக்குத்தானே மாமா சொன்னீங்க."

"ஆமா, விளையாட்டுன்னுதான் நினைச்சேன். ஏன்னா..." அவர் நிறுத்தினார். பிறகு, அப்பா அப்போது தன்னைத் தன் பெயரால் கூப்பிடவில்லை என்றார். இறந்துபோன அந்தப் பழைய ஜோடியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாராம்.

நான் உள்ளே அப்பாவிடம் போகத் திரும்பினேன்.

"அவசரப்படாதே மோளே. நான் அந்தக் கப்பலுக்குப் புதுசா வந்தப்ப ஒரு மாசம் முழுக்க அவன் என்னை அந்தப் பேராலதான் கூப்பிட்டான், கேலிக்கு. எனக்கு அப்ப கோபம் வரும். இன்னிக்கும் அந்தக் கேலியைத்தான் எடுக்கறான்னு நினைச்சுத்தான் நானும் நிமிர்ந்து நின்னேன்." வண்டியில் ஏறும் முன் இன்னொரு முறை சொன்னார். "குற்றம் என்னோடதுதான். அவன்கிட்ட ஒண்ணும் கேட்காதே."

நான் கேட்டேன். இரண்டு நாள் கழித்து, கட்டு மாற்றும்போது. "அன்னிக்குப் பாப்பாவை யார்கிட்டப்பா விட்டுட்டுப் போனீங்க?"

"என் ஜோடிகிட்ட."

"எந்த ஜோடிப்பா?"

அப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா, பயம் இருந்ததா என்று என்னால் சொல்ல முடியவில்லை. "முறைப்படி சொல்லிக் கொடுத்தேன் கண்ணு. முறைப்படி வாங்கினான். நீயும் ஜன்னல்ல பாத்தியல்ல?" என்றார். நான் பார்த்தேன். 

நண்பனைக் கேலி செய்து, கேலிக்குள்ளேயே உண்மையாக ஒரு பொறுப்பை ஒப்படைத்தார் என்றால், தவறு அப்பாவிடம் இல்லை. அவர் வாழ்நாள் முழுக்கச் செய்ததைத்தான் செய்தார். வராண்டாவில் நின்றது அடக்கமாகிவிட்ட ஒருவர் என்று நினைத்து ஒப்படைத்தார் என்றால், என் மகள் அன்று யாரிடமும் இல்லை. அதே கையோடு, ஒரு மணி நேரம்கூட ஆகாமல், ஐந்து பேரும் நானும் யோசிக்காத இடத்தை அவர்தான் யோசித்தார். அவர் இல்லையென்றால் டிரைவர் வரும்வரை நாங்கள் கால்வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்போம். அவளைத் தொலைத்தவரும் அவர்தான், கண்டுபிடித்தவரும் அவர்தான். இதில் எதை வைத்து நான் முடிவெடுப்பது?

டாக்டரிடம் அழைத்துப் போனேன், கைக் காயத்தைக் காட்டுவதாகச் சொல்லி. அவர் கிழமை கேட்டார், தேதி கேட்டார், சில பொருள்களின் பெயர் சொல்லித் திரும்பக் கேட்டார். அப்பா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். ஒன்றிரண்டில் தயங்கினார். வயதுக்கு உள்ளதாகவும் இருக்கலாம், ஆரம்பமாகவும் இருக்கலாம், சில மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார் டாக்டர். எனக்கு இருப்பது சில வாரங்கள். ஆட்டோவில் திரும்பி வந்தோம். வீட்டு வாசலில் இறங்கும்போது அப்பா, "கை காயத்துக்கு எதுக்கு அம்மிணி கிழமை கேக்கறாங்க?" என்றார்.

கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மழைக்காலத்திலிருந்து நான் மறைத்ததையும். அவர் திட்டவில்லை. "உங்க அப்பா. உன் முடிவு. எதுன்னாலும் சரி" என்றார். அது அன்பா, தட்டிக்கழிப்பா என்று அதையும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். டேகேரில் இடம் இருக்கிறது. ஃபாரத்தை வாங்கி வந்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

குழுவில் இப்போதும் தினமும் குட்மார்னிங் வருகிறது. அன்றைய நாளைப் பற்றி ஒருவரும் எழுதுவதில்லை. வந்த உடனே எடுத்த படத்தை மட்டும் போட்டிருக்கிறார்கள். ஆறு பேரும் நிற்கிறார்கள், பாப்பா அப்பாவின் தோளில். கொல்லம் மாமா வாரம் ஒருமுறை எனக்குத் தனியாக ஒரு வரி அனுப்புகிறார். "சுகம்தானே மோளே?" நான் கட்டைவிரல் படத்தை அனுப்புகிறேன்.

அப்பா எதையும் மாற்றிக்கொள்ளவில்லை. தினமும் காலையில் குளித்து, சட்டை போட்டுக்கொண்டு, அதே ஹால் வாசலில் வந்து நிற்கிறார். கட்டுப் பிரித்த கையைத் தயாராக வைத்திருக்கிறார், நெற்றியைத் தொட்டுப் பார்க்க. நான் பாப்பாவை ஏதாவது சொல்லி மாடிக்கு அழைத்துப் போய்விடுகிறேன். வண்ணம் தீட்டலாம் வா, பொம்மையைக் குளிப்பாட்டலாம் வா. அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, செய்தித்தாளை எடுத்துக்கொண்டு உட்காருகிறார். கேட்பதில்லை. நேற்று பாப்பா படியில் பாதி ஏறிவிட்டு, திரும்பி அவருக்குச் சல்யூட் அடித்தாள். அவரும் அடித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜூன் வந்துவிடும். இதைப் படிக்கிறவர்களில் என்னைப் போல ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் வயதான அப்பாவையோ அம்மாவையோ பிடித்துக்கொண்டு நிற்கிறவர்கள் இருப்பீர்கள். நீங்களாக இருந்தால் அவரிடம் பிள்ளையை விடுவீர்களா? விடமாட்டீர்கள் என்றால், அதை அவரிடம் எந்த வார்த்தையில் சொல்வீர்கள்? வாட்ச் எடுத்துக்கொள்ள அவர் வாசலில் நிற்கும்போது, இனி வேண்டாம் என்பதை அவர் தலை குனியாதபடி சொல்ல ஒரு வழி உண்டென்றால், உங்களில் யாராவது அப்படிச் சொல்லிப் பார்த்திருந்தால், தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.